எந்தத் தரவு, யாருடைய முடிவுக்கு? தொழிற்சாலை ஒருங்கிணைப்பின் வரலாறு: ஓர் ஆய்வு (1952–2027)

முன்னுரை

இன்றைய கார் தொழிற்சாலை ஒன்றில் பல தலைமுறைக் கணினிகள் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. வெல்டிங் ரோபோவின் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மில்லிநொடி முக்கியம். ஷிஃப்டு மேற்பார்வையாளரின் திரையில் நிமிடத்துக்கு நிமிடம் எண்கள் மாறுகின்றன. கொள்முதல் பிரிவின் மென்பொருளோ அடுத்த பல வாரங்களுக்குக் கணக்குப் போடுகிறது. இம்மூன்றும் தகவலைப் பரிமாறிக்கொண்டு, ஒன்று சொல்வதை மற்றொன்று சரியாகப் புரிந்துகொண்டு செயல்பட வேண்டும் என்ற முயற்சியையே ஒருங்கிணைப்பு என்கிறோம்.

இம்முயற்சியின் வரலாறு பெரும்பாலும் கம்பிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது: முதலில் துளையிட்ட காகித நாடா, பிறகு தொடர்வரிசைக் கேபிள், பிறகு ஈதர்நெட், இப்போது கம்பியில்லா இணைப்பும் மேகக்கணிமையும். ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடியது, விலை குறைந்தது. ஆனால், வேகமான கம்பி கிடைத்த இடமெல்லாம் ஒருங்கிணைப்பு வெற்றி பெற்றிருக்க வேண்டுமே, ஏன் பெறவில்லை என்ற கேள்விக்கு அந்த வரலாற்றில் விடை இல்லை.

இக்கட்டுரை அதே காலப்பகுதியை வேறொரு கோணத்திலிருந்து ஆராய்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் தரவுக்கு முதலிடம் தரப்பட்டது? அது யாருடைய முடிவுக்காகச் சேகரிக்கப்பட்டது? அதன் பொருள் குறித்து அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே உடன்பட்டிருந்தார்களா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெளிவாக இருந்த முயற்சிகள் எளிய கருவிகளைக் கொண்டே நிலைத்தன. விடை இல்லாதவை பெரும் பணம் இருந்தும் தடுமாறின என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

1. எந்திரத்துக்கு ஒரு கணினி, கணக்குக்கு ஒரு கணினி

தொழிற்சாலைக்குள் கணினி இரண்டு வாசல்கள் வழியாக நுழைந்தது. ஒரு வாசல் எந்திரத்தின் பக்கம், மற்றொன்று அலுவலகத்தின் பக்கம்.

எந்திரத்தின் பக்கத்துக் கதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டிராவர்ஸ் சிட்டியில் தொடங்குகிறது. ஹெலிகாப்டர் சுழலிறக்கைகளைத் தயாரித்துவந்த ஜான் பார்சன்ஸ், வளைவான பரப்புகளைத் துல்லியமாகச் செதுக்குவதற்கு எண்களைக் கொண்டே எந்திரத்தை இயக்கலாம் என்று கருதினார். அமெரிக்க விமானப்படை 1949-இல் இதற்கு நிதி தந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செர்வோமெக்கானிசம் ஆய்வகம் 1952-இல் எண்வழிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மில்லிங் எந்திரத்தைப் பொதுவில் இயக்கிக் காட்டியது.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. அனுபவமுள்ள தொழிலாளி எந்திரத்தை இயக்கும்போது அதன் அசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்து, பிறகு அந்தப் பதிவைக் கொண்டே எந்திரத்தைத் திரும்ப இயக்கும் முறை அது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1940-களிலேயே அதை முயன்று பார்த்தது. இவ்விரண்டு வழிகளின் போட்டியை வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984-இல் வெளியிட்ட ‘ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்’ நூலில் விரிவாக ஆராய்ந்தார். முதல் வழியில் அறிவு வரைபட அலுவலகத்தில் எண்ணாகப் பிறக்கிறது. இரண்டாவதில் தொழிலாளியின் கையில் பிறக்கிறது. முதல் வழி வென்றதற்குத் தொழில்நுட்பச் சிறப்பு மட்டும் காரணமல்ல, வேலையின் மீதான கட்டுப்பாட்டைத் தன் கைக்குக் கொண்டுவர நிர்வாகம் விரும்பியதும் காரணம் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை முழுமையாக ஏற்காதவரும் ஒன்றை மறுக்க முடியாது: எந்திரத்துக்குச் செல்லும் தரவு எங்கே உருவாக வேண்டும் என்ற முடிவு, கம்பி எதுவும் இழுக்கப்படுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

எந்திரத்தின் பக்கத்தில் அடுத்த திருப்பம் 1968-இல் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ஆயிரக்கணக்கான ரிலேக்களால் ஆன கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு மாற்று தேடியது. மாடல் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலகைகளைப் பிரித்து மறுபடியும் கம்பி இணைக்க வேண்டியிருந்தது. டிக் மார்லியும் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய மோடிகான் 084 கருவி 1969-இல் வந்தது. பிஎல்சி என்று இன்று நாம் அழைக்கும் கருவியின் முன்னோடி அது. ரிலே வரைபடத்தைப் போலவே தோன்றும் ஏணிப்படி வடிவில் அதற்கு நிரல் எழுதலாம் என்பதே அதன் வெற்றியின் ரகசியம். ஆலையின் எலெக்ட்ரீஷியன் புதிய மொழி எதையும் கற்காமல் அதைப் படித்தார், திருத்தினார், பழுது பார்த்தார். யார் முடிவெடுக்கப் போகிறாரோ அவருக்குப் புரியும் வடிவில் தரவு இருந்தது.

அலுவலகத்தின் பக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசஃப் ஆர்லிக்கி, பொருள் தேவைத் திட்டமிடல் என்ற முறையை 1964-இல் உருவாக்கினார். எம்ஆர்பி என்ற சுருக்கப் பெயரில் அது பரவியது. பிளாக் அண்ட் டெக்கர் அதை முதலில் கையாண்ட நிறுவனம். முடிவுப்பொருள் எத்தனை வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, உறுப்புப் பட்டியலைப் பிரித்து, கையிருப்பைக் கழித்து, எந்த உறுப்பை எப்போது வாங்க வேண்டும் என்று கணிப்பது அதன் வேலை. ஆர்லிக்கியின் நூல் 1975-இல் வெளிவந்தபோது ஏறத்தாழ 700 நிறுவனங்கள் இம்முறையைப் பின்பற்றின.

அந்தக் கணக்கின் நிழலில் ஒரு கடுமையான பாடம் இருந்தது. கையிருப்புப் பதிவும் உறுப்புப் பட்டியலும் தவறாக இருந்தால் கணினி அந்தத் தவறை மிக வேகமாக ஆலை முழுவதும் பரப்பிவிடும். எம்ஆர்பி இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஆலிவர் வைட் போன்றவர்கள், கையிருப்புப் பதிவு 95 விழுக்காடும் உறுப்புப் பட்டியல் 98 விழுக்காடும் சரியாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலை வற்புறுத்தினர். மென்பொருள் வாங்குவதைவிடக் கிடங்கில் எண்ணிப் பார்ப்பது முதன்மையான வேலை என்பதைத் தொழில் உலகம் அப்போதுதான் கற்கத் தொடங்கியது.

இந்த இரண்டு மரபுகளையும் ஒன்றாக்க வேண்டும் என்ற கனவுக்கு ஜோசஃப் ஹாரிங்டன் 1973-இல் வெளியிட்ட நூல் பெயர் சூட்டியது: கணினி ஒருங்கிணைந்த உற்பத்தி. வடிவமைப்பு, திட்டமிடல், எந்திரம், ஆய்வு என எல்லாம் ஒரே தரவுத் தொகுப்பைப் பகிரும் என்பது அந்தக் கனவு. அடுத்த பதினைந்து ஆண்டுகள் அதைத் துரத்துவதில் கழிந்தன.

2. ஓர் அட்டையில் அடங்கிய ஒருங்கிணைப்பு

அமெரிக்காவில் எம்ஆர்பி பரவிய அதே காலத்தில், ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் கணினியே இல்லாத ஒருங்கிணைப்பு முறை ஒன்றை வளர்த்தெடுத்தது. தாயிச்சி ஓனோவின் வழிகாட்டுதலில் எந்திரப் பட்டறையில் முளைத்த கான்பான் முறை, 1962-இல் நிறுவனம் முழுவதற்கும் விரிந்தது.

உறுப்பின் எண், பெட்டியில் எத்தனை, எந்தப் பிரிவிலிருந்து வருகிறது, எந்த இடத்துக்குப் போக வேண்டும்: கான்பான் அட்டையில் இருப்பவை இவைதாம். பின்னால் உள்ள பிரிவு உறுப்புகளை எடுத்துப் பயன்படுத்தும்போது அட்டை முன்னால் உள்ள பிரிவுக்குத் திரும்புகிறது. அட்டை வந்தால் அந்த அளவு செய்ய வேண்டும். வராவிட்டால் செய்யக் கூடாது. பழுதான உறுப்பு அடுத்த பிரிவுக்குப் போகக் கூடாது.

இதைத் தரவு அமைப்பாகப் பார்த்தால் அதன் கண்டிப்பு விளங்கும். அட்டையில் உள்ள ஒவ்வொரு தகவலும் ஒரு குறிப்பிட்ட மனிதர் அந்தக் கணத்தில் எடுக்க வேண்டிய முடிவுக்கு உரியது. முடிவுக்குப் பயன்படாத எதுவும் அதில் இல்லை. பொருளோடு தரவு சேர்ந்தே நகர்வதால் பதிவும் உண்மையும் பிரிவதற்கான இடைவெளி மிகக் குறைவு. எம்ஆர்பி 95 விழுக்காடு துல்லியத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. கான்பான் அந்தப் போராட்டம் எழும் சூழலையே பெருமளவு நீக்கியது.

அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். தேவை ஓரளவு சீராக இருக்கும் இடத்திலும், ஒரே வகைப் பொருள் திரும்பத் திரும்பச் செய்யப்படும் இடத்திலுமே அட்டை நன்றாக வேலை செய்யும். ஆறு மாதம் முன்னரே ஆர்டர் தர வேண்டிய வார்ப்பு உறுப்புக்கு அட்டை போதாது, திட்டமிடல் கணக்கு வேண்டும். டொயோட்டாவும் மாதாந்தரத் திட்டமிடலுக்குக் கணினியைக் கையாண்டது. எந்த முடிவுக்கு எந்தக் கருவி என்ற பிரிப்பு அங்கே தெளிவாக இருந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

3. ஜெனரல் மோட்டார்ஸின் பெருமுயற்சி (1980–1988)

ஒருங்கிணைப்பு வரலாற்றில் மிக அதிகமான பாடங்களைத் தரும் அத்தியாயம் ஜெனரல் மோட்டார்ஸின் ‘மேப்’ நெறிமுறை. 1980-களின் முதல் பாதியில் அந்நிறுவனம் தந்த கணக்கின்படி, அதன் ஆலைகளில் ஏறத்தாழ 40,000 நிரல்வழிக் கருவிகள் இருந்தன. அவற்றில் 15 விழுக்காடு மட்டுமே தம் சொந்த வட்டத்துக்கு வெளியே உள்ள கருவிகளோடு தகவல் பரிமாறக்கூடியவை. ஒவ்வொரு விற்பனையாளரும் தனி நெறிமுறை வைத்திருந்தார். இரண்டு கருவிகளை இணைப்பதற்கென்றே தனி மென்பொருளும் தனி வன்பொருளும் செய்ய வேண்டியிருந்தது. தானியங்கித் திட்டங்களின் செலவில் பெரும்பகுதியை அது விழுங்கியது.

இதற்கு விடை காண 1980-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு பணிக்குழுவை அமைத்தது. எல்லா விற்பனையாளரும் ஏற்கும் ஒரே நெறிமுறையைத் தன் வாங்கும் வலிமையைக் கொண்டே நிலைநாட்டுவது அதன் வழி. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஏழு அடுக்கு மாதிரியை அது அடிப்படையாகக் கொண்டது. கீழடுக்கில் அது தேர்ந்தது டோக்கன் பஸ் முறை. அனுப்பும் உரிமை ஒவ்வொரு கருவிக்கும் முறைவைத்து வருவதால், ஒரு செய்தி அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அன்றைய ஈதர்நெட்டில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதல் ஏற்பட்டு, காத்திருப்பு நேரம் நிச்சயமற்றதாகும். ஓடும் வரிசையில் ரோபோவைக் கட்டுப்படுத்த இந்த உறுதி தேவை என்ற வாதத்தில் நியாயம் இருந்தது.

போயிங் நிறுவனம் அலுவலகப் பணிகளுக்கான இணை நெறிமுறையுடன் இம்முயற்சியில் சேர்ந்தது. 1985-இல் டெட்ராய்ட்டில் நடந்த ஆட்டோஃபேக்ட் கண்காட்சியில் பல விற்பனையாளர்களின் கருவிகள் ஒரே வலையில் இயங்கிக் காட்டின. 1988-இல் பால்டிமோரில் மூன்றாம் பதிப்பு அரங்கேறியது. அதற்குப் பிறகு மேப் மெல்ல மறைந்தது. நான்கு காரணங்களை இங்கே பிரித்துக் காட்டலாம்.

முதல் காரணம் விலை. ஒவ்வொரு கருவிக்கும் தேவைப்பட்ட இணைப்புப் பலகை, இணைக்கப்படும் கருவியோடு ஒப்பிடுகையில் மிக விலை உயர்ந்ததாக இருந்தது. இரண்டாவது, மூன்றாம் பதிப்பு முந்தைய 2.1 பதிப்போடு பொருந்தவில்லை. முன்பே நம்பி வாங்கியவர்களே நட்டப்பட்டார்கள். மூன்றாவது, ஈதர்நெட்டின் விலை சரிந்து அதன் வேகம் கூடியதில், டோக்கன் பஸ்ஸின் நன்மை சந்தையில் எடுபடவில்லை.

நான்காவது காரணமே இந்த ஆய்வுக்கு முக்கியமானது. மேப் எல்லாத் தரவையும் ஒரே பாதையில் செலுத்த முயன்றது. ஒரு நாள் உற்பத்தி அறிக்கையும் ரோபோவின் உடனடி எச்சரிக்கையும் அதே ஏழு அடுக்குகளைக் கடந்தாக வேண்டும். அவசரச் செய்திக்கு அது மிக மெதுவான வழி. இதை உணர்ந்த பிறகே நடு அடுக்குகளை நீக்கிய ‘மினி மேப்’ என்ற சுருக்க வடிவம் சேர்க்கப்பட்டது. எந்தத் தரவு அவசரமானது, எது பொறுக்கக்கூடியது என்ற பிரிப்பைத் தொடக்கத்திலேயே செய்யாமல், பின்னால் ஒட்டுப்போட வேண்டியதாயிற்று.

அதே ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸின் வீட்டுக்குள்ளேயே ஒரு மாற்றுச் சோதனை நடந்துகொண்டிருந்தது. தலைவர் ரோஜர் ஸ்மித்தின் காலத்தில், 1984-இல், தகவல் தொழில்நுட்ப நிறுவனமான இடிஎஸ்ஸை 250 கோடி டாலருக்கு வாங்கிய அதே நிறுவனம், அந்த ஆண்டே டொயோட்டாவுடன் கூட்டாகக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் நம்மி ஆலையைத் தொடங்கியது. பழைய கட்டடம், பெரும்பாலும் பழைய தொழிலாளர்கள், அடக்கமான தானியங்கிக் கருவிகள், கான்பான் அட்டைகள், வரிசையை நிறுத்தும் ஆண்டன் கயிறு. ‘தி மெஷின் தட் சேஞ்ச்ட் தி வேர்ல்ட்’ நூல் 1990-இல் தந்த ஒப்பீட்டில், ஒரு காரைப் பூட்ட ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலைக்கு 31 மணிநேரமும் நம்மிக்கு 19 மணிநேரமும் தேவைப்பட்டன. இந்த வேறுபாட்டை வலைப்பின்னலோடு மட்டும் முடிச்சுப் போட முடியாது. மேலாண்மை முறை முழுவதும் வேறு. ஆயினும் தரவைப் பொறுத்தவரை ஒன்று தெளிவு. தவறைக் கண்டவரே வரிசையை நிறுத்தலாம் என்ற அதிகாரம், தவறைப் பற்றிய அறிக்கை மேலே போய்ச் சேரும் வேகத்தைவிட அதிகப் பயன் தந்தது.

மேப் முற்றிலும் வீணாகவும் இல்லை. கருவி எந்த விற்பனையாளருடையதாக இருந்தாலும், தன்னிடம் உள்ள மாறிகளையும் நிகழ்வுகளையும் ஒரே சொல்வரிசையில் வெளியிட வேண்டும் என்ற அதன் மேலடுக்கு விதிகள், எம்எம்எஸ் என்ற பெயரில் 1990-இல் ஐஎஸ்ஓ 9506 தரநிலையாயின. பின்னாளில் துணைமின்நிலையங்களுக்கான ஐஇசி 61850 தரநிலை அதையே ஏற்றுக்கொண்டது. கார் ஆலைக்காகப் பிறந்த செய்தி இலக்கணம், துணைமின்நிலையங்களின் ஈதர்நெட் வலைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. டோக்கன் பஸ் கம்பி போனது, பொருள் பற்றிய உடன்பாடு நின்றது.

4. கம்பிச் சண்டையும் சொல் உடன்பாடும்

மேப் விட்ட இடத்தில், அடிமட்டக் கருவிகளை இணைக்கும் ஃபீல்ட்பஸ் நெறிமுறைகள் எழுந்தன. ஜெர்மனியில் 1987-இல் புரோஃபிபஸ் திட்டம் தொடங்கியது. பிரான்ஸ் ஃபிப் என்ற முறையை முன்வைத்தது. ஒரே உலகத் தரநிலை வேண்டும் என்று பல ஆண்டுகள் நடந்த பேச்சு, 1999-இன் இறுதியில் எட்டு வேறுபட்ட வகைகளையும் ஒரே ஐஇசி 61158 தரநிலைக்குள் சேர்த்துக்கொள்வதில் முடிந்தது. எல்லோரையும் திருப்திப்படுத்திய அந்த உடன்பாடு, வாங்குபவரின் சிக்கலைத் தீர்க்கவில்லை.

உண்மையான முன்னேற்றம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. பர்டூ பல்கலைக்கழகத்தின் தியடோர் வில்லியம்ஸ் தலைமையில் தொழில்துறையினரும் ஆய்வாளர்களும் சேர்ந்து, தொழிற்சாலையை முடிவுகளின் கால அளவைக் கொண்டு நிலைகளாகப் பிரித்தனர். உற்பத்தி நிகழ்வும் உணரிகளும் அடியில். அதற்கு மேல் நொடிக் கணக்கில் இயங்கும் கட்டுப்பாடு. அதற்கு மேல் ஷிஃப்டுக் கணக்கில் இயங்கும் உற்பத்தி மேலாண்மை. உச்சியில் நாள், வாரம், மாதக் கணக்கில் இயங்கும் வணிகத் திட்டமிடல். கருவியின் வகையைப் பார்க்காமல் முடிவின் காலத்தைப் பார்த்ததே இந்தப் பிரிப்பின் வலிமை.

அந்த அடித்தளத்தில் 2000-இல் வெளிவந்த ஐஎஸ்ஏ-95 தரநிலை, வணிக நிலைக்கும் உற்பத்தி நிலைக்கும் இடையே எதைப் பரிமாற வேண்டும் என்பதை நான்கு பகுப்புகளாக வரையறுத்தது: பொருளை எப்படிச் செய்வது, ஆலையால் எவ்வளவு செய்ய இயலும், எதை எப்போது செய்ய வேண்டும், உண்மையில் என்ன செய்யப்பட்டது. ஆட்கள், கருவிகள், மூலப்பொருள் ஆகியவற்றைக் குறிக்கப் பொதுவான சொற்களையும் தந்தது. எந்தக் கம்பி என்பதில் அது தலையிடவில்லை. உச்சியில் எஸ்ஏபி போன்ற, ஈஆர்பி எனப்படும் வணிகத் திட்டமிடல் மென்பொருள்கள் பரவிவிட்ட அக்காலத்தில், நடுநிலைக்கு எம்இஎஸ் என்ற தனி வகை மென்பொருள் உருப்பெற்றதற்கும், இரண்டுக்கும் இடையே பொறுப்புகளைப் பிரிப்பதற்கும் இந்தச் சொல்வரிசை துணைநின்றது.

கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து மேலே தரவை எடுக்கும் சிக்கலுக்கு 1996-இல் வந்த ஓபிசி என்ற தரநிலை ஒரு நடைமுறை விடை தந்தது. அதற்கு முன், ஒவ்வொரு திரை மென்பொருளும் ஒவ்வொரு பிஎல்சிக்கும் தனி டிரைவர் எழுத வேண்டியிருந்தது. ஓபிசி அந்தச் சுமையை ஒரு பொது இடைமுகமாக்கியது. ஆனால் அது மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் உள்தொழில்நுட்பத்தைச் சார்ந்திருந்தது. எண்ணைத் தந்தது, எண்ணின் பொருளைத் தரவில்லை. ஒரு முகவரியில் 82 என்று வந்தால், அது பாகையா, அழுத்தமா, எந்த எந்திரத்துடையது என்பது அதை எழுதிய பொறியாளரின் நோட்டில்தான் இருக்கும்.

2000-களின் இரண்டாம் பாதியில் வந்த ஓபிசி யுஏ இந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. அது எந்த இயங்குதளத்திலும் இயங்கும். தரவோடு அதன் அலகு, வகை, உறவு ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பும். அதன் மேல் ஒவ்வொரு தொழிலும் தன் சொல்வரிசையைத் தானே எழுதத் தொடங்கியது. பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரங்களுக்கு யூரோமேப் 77, இயந்திரக் கருவிகளுக்கு ஜெர்மன் உற்பத்தியாளர் சங்கத்தின் உமாட்டி முயற்சி ஆகியவை இவ்வகை. ஓர் எந்திரம் என்ன நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்ல உலகம் முழுவதும் ஒரே சொல் என்ற இலக்கு, மேப் தொடங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தொழில்களின் கைக்கு வந்தது.

5. ஏ380: பொருள் பிசகினால் என்ன ஆகும்

தரவின் பொருளில் உடன்பாடு இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு ஏர்பஸ் ஏ380 விமானம் மறக்கக் கூடாத சான்று. ஒவ்வொரு விமானத்திலும் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் மின்கம்பி. உடற்பகுதிகள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாராகி, பிரான்ஸின் துலூஸுக்கு வந்து பூட்டப்பட வேண்டும். ஜெர்மன், ஸ்பானிஷ் பிரிவுகள் கேட்டியா வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பிலும், பிரெஞ்சு, பிரிட்டிஷ் பிரிவுகள் ஐந்தாம் பதிப்பிலும் வேலை செய்தன.

இரண்டும் ஒரே குடும்ப மென்பொருள். கோப்புகள் கைமாறின. ஆனால் ஒரு பக்கம் நடந்த திருத்தம் மறுபக்கத்து முப்பரிமாண மாதிரியில் அதே பொருளோடு போய்ச் சேரவில்லை. துலூஸில் கம்பிக் கற்றைகளைப் பொருத்தியபோது அவை நீளம் போதாமலும் வளைவு பொருந்தாமலும் நின்றன. கைவேலையாக மறுபடியும் கம்பி இழுக்க வேண்டியதாயிற்று. 2006 அக்டோபரில் நிறுவனம் புதிய தாமதத்தை அறிவித்தபோது, 2010 வரையிலான ஆண்டுகளில் இயக்க லாபம் 480 கோடி யூரோ குறையும் என்று மதிப்பிட்டது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 2007 அக்டோபரில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தாமதத்துக்குப் பிறகு, ஒப்படைக்கப்பட்டது.

இங்கே வலைப்பின்னல் பழுதாகவில்லை, கணினி வேகம் போதாமலும் இல்லை. எந்த மாதிரி மூலப்பிரதி, திருத்தம் யாருடைய ஒப்புதலோடு எப்போது செல்லுபடியாகும் என்ற முன்னுரிமை நிறுவனத்தின் தேசியப் பிரிவுகளுக்கிடையே தீர்க்கப்படாமல் இருந்தது. அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்துக்காக 1999-இல் நடந்த ஓர் ஆய்வு, வடிவமைப்புத் தரவு சரியாகக் கைமாறாததால் அமெரிக்கக் கார் தொழில் சங்கிலிக்கு மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலர் இழப்பு என்று கணித்திருந்தது. எச்சரிக்கை முன்பே இருந்தது.

6. பெட்டியிலிருந்து பாஸ்போர்ட் வரை

கான்பான் அட்டையின் மரபு கணினி யுகத்தில் எப்படித் தொடர்ந்தது என்பதற்கு விடை நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. டொயோட்டா குழுமத்தின் உறுப்புத் தயாரிப்பாளரான டென்சோவில், உறுப்புப் பெட்டிகளைப் பட்டைக்குறியீடு கொண்டு கண்காணித்து வந்தனர். ஒரு பட்டைக்குறியீட்டில் ஏறத்தாழ 20 எழுத்துகளே அடங்கும். உறுப்பு வகைகள் பெருகப் பெருக ஒரே பெட்டியில் பல குறியீடுகளை ஒட்ட வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஸ்கேன் செய்து களைத்தனர். அவர்களுடைய முறையீட்டிலிருந்து மசாஹிரோ ஹாராவின் சிறு குழு 1994-இல் க்யூஆர் குறியீட்டை உருவாக்கியது. 7,089 எண்கள் வரை தாங்கும், ஜப்பானிய கான்ஜி எழுத்துகளையும் ஏற்கும், எந்தக் கோணத்திலிருந்தும் படிக்கலாம். தன் காப்புரிமையை வைத்து யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று டென்சோ எடுத்த முடிவே அதை உலகத்தின் சொத்தாக்கியது. இன்று தேநீர்க் கடையில் பணம் செலுத்த நாம் நீட்டும் கைப்பேசி படிப்பது, உறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிய தொழிலாளியின் தேவையிலிருந்து பிறந்த வடிவம்.

அதே குறியீடு இப்போது சட்டத்தின் வழியே தொழிற்சாலைக்குத் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே சந்தைக்கு வரும் மின்வாகனப் பேட்டரிகளுக்கும், 2 கிலோவாட்-மணிக்கு மேற்பட்ட தொழில்துறைப் பேட்டரிகளுக்கும் க்யூஆர் குறியீடு வழியாகத் திறக்கும் மின்னணுப் பாஸ்போர்ட் வேண்டும். பேட்டரியின் வேதிப்பொருள், கார்பன் தடம் போன்ற விவரங்கள் அதில் இடம்பெறும். எந்தத் தரவு முதன்மை என்பதை ஆலைக்கு வெளியே உள்ள சட்டம் தீர்மானிக்கும் காலம் இது. இதுவரை கண்ட வரலாற்றில் இது புதிய கட்டம்.

இதற்கான தொழில்நுட்பச் சூழல், 2011-இல் ஹனோவர் கண்காட்சியில் அறிவிக்கப்பட்ட ‘இண்டஸ்ட்ரி 4.0’ முயற்சிக்குப் பிறகு வேகமாக வளர்ந்தது. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் உருவாக்கிய எம்க்யூடிடி நெறிமுறை, மாறிய மதிப்பை மட்டும் அனுப்பும் சிக்கனத்தால் ஆலைகளில் இடம்பிடித்தது. அடியில் உள்ள உணரி நடுநிலைகளைத் தாண்டி நேரே மேகத்துக்குத் தரவு அனுப்பலாம் என்றானபோது, ஆலையை நிலைகளாகப் பிரித்த பர்டூ மாதிரியின் காலம் முடிந்தது என்று சிலர் எழுதினர்.

அந்த அவசரத்துக்கு எதிரான சான்று 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட். ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையைக் குறிவைத்த அந்த நச்சு நிரல், சீமென்ஸ் பிஎல்சிகளுக்குள் புகுந்து சுழலிகளின் வேகத்தை மாற்றியது. அதே வேளையில் முன்பு பதிந்துவைத்த இயல்பான அளவீடுகளைத் திரும்பக் காட்டி, கண்காணிப்பவர்களை ஏமாற்றியது. திரையில் தரவு இருந்தது, அதற்கு உண்மையோடு தொடர்பு இல்லை. இதன் பிறகு நிலைகளின் பிரிப்பு பாதுகாப்பு எல்லையாகவும் மறுபிறவி எடுத்தது. எந்தத் தரவு எந்த எல்லையைக் கடக்கலாம் என்பது அன்றிலிருந்து உயிர்ப் பாதுகாப்புக் கேள்வி.

7. ஆய்வு முடிவுகள்

இந்த எழுபதாண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம்.

முதலாவது, ஒருங்கிணைப்பில் நீண்ட ஆயுள் கம்பிக்கு இல்லை, பொருள் உடன்பாட்டுக்கே உண்டு. டோக்கன் பஸ் மறைந்தது, எம்எம்எஸ் வாழ்கிறது. பட்டைக்குறியீட்டின் இடத்தில் க்யூஆர் வந்தது, கான்பான் அட்டையின் தகவல் ஒழுங்கு மாறவில்லை.

இரண்டாவது, தரவின் முன்னுரிமை என்பது அளவைப் பற்றியதல்ல, முடிவைப் பற்றியது. ஏணிப்படி நிரலை எலெக்ட்ரீஷியன் படித்தார். அட்டையைப் பெட்டி எடுப்பவர் படித்தார். ஐஎஸ்ஏ-95-இன் நான்கு பகுப்புகளில் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நிலையின் முடிவுக்கு உரியது. எல்லாவற்றையும் முதலில் இணைத்துவிடலாம், பயனைப் பிறகு பார்க்கலாம் என்ற வழியின் முடிவை மேப் காட்டியது.

மூன்றாவது, துல்லியம் மூலத்திலேயே பிறக்க வேண்டும். எம்ஆர்பியின் 95 விழுக்காட்டுப் போராட்டமும், ஏ380-இன் கம்பிக் கற்றைகளும், ஸ்டக்ஸ்நெட்டின் பொய்த் திரையும் மூன்று வெவ்வேறு காலங்களில் இதையே சொல்கின்றன.

தமிழ்நாட்டின் தொழில்துறைக்கு இந்த மூன்றாம் முடிவு அந்நியமானதல்ல. சென்னை பாடியில் உள்ள சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2002-இல் டிவிஎஸ் மோட்டார் அதைப் பெற்றது. அந்த விருதின் அடிப்படையான முழுமைத் தர மேலாண்மை, அளவை எடுப்பவரே அதை வரைபடத்தில் குறித்து, காரணம் தேடி, திருத்தும் ஒழுக்கத்தைக் கோருவது. பெரிய வலைப்பின்னல்கள் வருவதற்கு முன்பே இங்குள்ள ஆலைகள் அந்த ஒழுக்கத்தைக் கற்றன. மின்வாகனத் தொழில் வளர்ந்துவரும் இந்த மாநிலத்தில், ஐரோப்பியச் சந்தையை நோக்கும் சிறு உறுப்புத் தயாரிப்பாளரும் இனி வரும் பாஸ்போர்ட் விதிகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். அவர்களுக்கு மென்பொருள் விற்க வருபவர்கள் பலர். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஆலையின் மேற்பார்வையாளரும் எந்திரத்தை இயக்குபவரும் கணக்காளரும் ஒன்றாக அமர்ந்து நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை காண வேண்டும்: இந்தத் தரவை வைத்து முடிவெடுப்பவர் யார்? எவ்வளவு நேரத்துக்குள்? இந்த எண்ணுக்கு நாம் எல்லோரும் ஒரே பொருள் கொள்கிறோமா? அது தவறானால் திருத்தும் பொறுப்பு யாருடையது? இவற்றுக்கு விடை கிடைத்த தரவையே முதலில் இணைக்க வேண்டும். கிடைக்காத தரவு காத்திருக்கலாம்.